ஜெபத்தில் கவனம்: சுங்கை சிப்புட்டில் நான் கற்றவை

ஆண்டவரோடு உனக்குத் தனிப்பட்ட உறவு உண்டா என்ற கேள்வியை உபவாசக் கூட்டங்களிலும் எழுப்புதல் கூட்டங்களிலும் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். கேள்வி எழுந்ததும் கையை உயர்த்துவோம், முன்னே போய் முழங்காற்படியிடுவோம், அழவும் செய்வோம். மறுநாள் காலையில் அந்த உறவுக்காக என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் விளக்கிச் சொன்னதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்கிற ஒருத்தி, ஒரு தோட்டப் பட்டணத்தில், நாள்தோறும் ஆண்டவரோடு நெருங்கி நடப்பது எப்படி என்பதில் எனக்குப் பிடிபட்டவற்றை இங்கே எழுதுகிறேன். அவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தால் கவனம் என்ற ஒன்றில்தான் வந்து நிற்கின்றன. எவ்வளவு நேரம் ஜெபித்தோம், எத்தனை அதிகாரம் வாசித்தோம், எவ்வளவு உருகினோம் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, சிறிது நேரமானாலும் சிதறாமல் அவர் முன்னிலையில் இருக்கப் பழகிய பிறகே எனக்கு வழி திறந்தது.

எங்கள் குடும்பம் லுத்தரன் குடும்பம். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தொடங்கிவைத்த பணியின் வழியே விசுவாசத்துக்கு வந்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாங்கள். பாட்டனார் கப்பலேறி வந்தபோது தகரப்பெட்டியில் வேட்டி துணிமணியோடு வேதாகமத்தையும், விசுவாசப் பாடங்களைச் சுருக்கிச் சொல்லும் ஞானோபதேசத்தையும் வைத்துக் கொண்டுவந்தார் என்று அப்பா சொல்வார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே இருக்கிற சுங்கை சிப்புட்டைச் சுற்றி அந்நாளில் எங்கு பார்த்தாலும் பால்மரம்தான், அதாவது ரப்பர். நான் பிறந்ததும் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில்தான்; அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. பால்மரத்தை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட காலத்தில் நாங்கள் பட்டணத்தில் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இப்போது நான் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருக்கிறேன். குலைகளை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு முறை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு முறை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை.

ஜெபத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது, திருச்சபைச் சீர்திருத்தம் செய்த ஜெர்மானியர் மார்ட்டின் லுத்தர் 1535-இல் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி எங்கள் போதகர், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தில் ஒருமுறை எடுத்த வகுப்புதான். விட்டன்பர்க் நகரில் லுத்தருக்குச் சவரம் செய்துவந்த பீட்டர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டிருக்கிறார். பெரிய இறையியல் அறிஞரான லுத்தர், அந்தக் கேள்வியைச் சிறிதாக எண்ணாமல், தாம் ஜெபிக்கும் முறையை ஒன்றுவிடாமல் அவருக்கு எழுதிக் கொடுத்தார். அதில் ஓரிடத்தில், நல்ல நாவிதர் தம் எண்ணத்தையும் கண்ணையும் கத்தியின்மேலும் மயிரின்மேலும் வைத்திருக்க வேண்டும், பேச்சிலும் வேடிக்கையிலும் மனத்தை ஓடவிட்டால் வாயையோ மூக்கையோ கழுத்தையோகூட வெட்டிவிடுவார் என்று சொல்லி, ஒரு தொழிலுக்கே முழு மனம் வேண்டுமென்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார்.

சவரக்கத்தியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பால்வெட்டும் கத்தியைத் தெரியும். பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போயிருக்கிறேன். ஆளெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து, விடியுமுன்பே தலைவிளக்கோடு நிரையில் இறங்குவார். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். முந்தைய வெட்டின்மேல் உலர்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை முதலில் உருவி எடுத்துக் கூடையில் போடுவார். பால் பிடிக்கும் கோப்பையான மங்கைத் துடைத்து வைப்பார். பிறகு இடப்பக்கம் மேலே கத்தியை வைத்து, வலப்பக்கம் கீழ்நோக்கிச் சரிவாக, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான பட்டையை மட்டும் சீவி இழுப்பார். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தில் கத்தி பட்டுக் காயமாகிவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிற்பாடு அதில் கத்தி ஓடாது. ஒரு நாளில் வெட்டுகிற நானூறு ஐந்நூறு மரத்திலும் இதே கவனம் வேண்டும். அம்மா அந்த வேலையை அவசரப்பட்டுச் செய்து நான் பார்த்ததில்லை. நின்று யோசித்தும் பார்த்ததில்லை. லுத்தர் சொன்னதை நான் அந்தக் கத்தியை வைத்தே விளங்கிக்கொண்டேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதலில் நேரம். காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும் என்கிறார் லுத்தர். கொஞ்சம் பொறு, இந்த வேலையை முடித்துவிட்டு இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம் என்று வருகிற நினைப்பை நம்பவே கூடாது என்றும் எச்சரிக்கிறார். நம் ஆண்டவரும் “அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்” என்று மாற்கு முதலாம் அதிகாரத்தில் படிக்கிறோம். இந்த நாட்டில் விடிவதற்கு ஏழு மணி ஆகிவிடுகிறது என்பதால் இருட்டோடே எழுவது ஒன்றும் பெரிய தவம் இல்லை. எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள பள்ளிவாசலில் வைகறைப் பாங்கு சொல்லும் நேரம்தான் எனக்கும் கடிகாரம். அண்டை வீட்டு மலாய்க்காரப் பாட்டி தொழுகைக்கு விளக்கேற்றும் அதே நேரத்தில் நானும் எழுந்துவிடுகிறேன். அவரைப் பார்த்து எனக்குச் சோம்பல் கழன்ற நாட்கள் உண்டு.

அடுத்தது இடம். “உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி, அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு” என்ற வசனத்தைக் கேட்கும்போதெல்லாம், பூட்டுவதற்கு ஓர் அறை இருப்பவர்கள் பாக்கியசாலிகள் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு அறை வீட்டில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இருக்க, எனக்குக் கிடைத்தது சமையலறையில் எரிவாயு உருளைக்கும் அரிசி வாளிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் பாட்டியிடம் பேசக்கூடாது என்று என் மகன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறான். எனக்கு அதுவே கதவு. கைத்தொலைபேசி கூடத்தில் இருக்கும். வேதாகமத்தைத் தொலைபேசியில் வாசிப்பதில் தவறு இல்லை, ஆனால் என் அனுபவத்தில் வசனத்துக்குப் பக்கத்திலேயே வாட்ஸ்அப் செய்தியும் வந்து நிற்கிறது. ஆகவே அச்சிட்ட வேதாகமம், ஒரு பென்சில், ஒரு துண்டுத்தாள். துண்டுத்தாள் எதற்கு என்றால், ஜெபிக்க உட்கார்ந்ததும் மின்கட்டணமும் பேத்தியின் பள்ளிச் சீருடையும் வரிசையாக நினைவுக்கு வரும். அவற்றை விரட்டப் போராடுவதில் நேரம் வீணாகிறது. தாளில் எழுதி வைத்துவிட்டால் மனம் விட்டுவிடும். கடைசியில் அந்தத் தாளையே எடுத்து ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன்.

எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது என்பதில்தான் லுத்தரின் கடிதம் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் அவர் நான்கு புரிகள் கொண்ட மாலையாக ஆக்கிக்கொள்வாராம்: இதில் எனக்கு என்ன கற்பிக்கப்படுகிறது, எதற்காக நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதை வேண்டிக்கொள்ள வேண்டும். நான் இதை வேதாகமத்தின் எந்தப் பகுதிக்கும் பொருத்திக்கொள்கிறேன். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற விண்ணப்பத்தை நாம் ஞாயிறுதோறும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஒரு வாரம் முழுவதும் காலையில் இந்த ஒரு வரியோடு மட்டும் இருந்தேன்.

கற்பது என்ற முதல் புரியில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகப் பெய்த மன்னாவின் நினைவு வந்தது. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் பொறுக்கச் சொல்கிறார் கர்த்தர். மறுநாளைக்கு வைத்தது புழுப்பிடித்து நாறியது. சிறுவயதில் ஒப்பித்த ஞானோபதேசத்தில் இந்த விண்ணப்பத்துக்கு லுத்தர் கொடுத்த விளக்கமும் கூடவே வந்தது. உணவும் உடையும் மட்டுமல்லாமல் வீடு, நிலம், கால்நடை, பணம், நல்ல பிள்ளைகள், நல்ல அரசாட்சி, ஏற்ற காலநிலை, சமாதானம், உடல்நலம், நல்ல நண்பர், உண்மையான அண்டை அயலார் எல்லாவற்றையும் அவர் அந்த ஒரு விண்ணப்பத்துக்குள் அடக்குகிறார். நன்றி என்ற இரண்டாம் புரிக்கு நான் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அரிசி வாளி இருந்தது. அறிக்கை என்ற மூன்றாவதில், வாளி நிறைந்திருந்தும் மாதக் கடைசியை நினைத்துப் பதறுகிற என் மனத்தை அவர் முன் வைத்தேன். வேண்டுதல் என்ற நான்காவதில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. எடைமேடையில் தினமும் பார்க்கிற முகங்கள் வந்து நின்றன. குலைவிலை இறங்கிய வாரத்தில் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்ற சிறுதோட்டக்காரர், சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சோற்றுக்குக் கருவாட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் வங்காளதேசத்துத் தம்பி, இவர்களுடைய பெயரைச் சொல்லி ஆகாரம் கேட்டேன். அன்று வேலைக்குப் போனபோது அந்தத் தம்பியின் முகத்தை நான் முன்பைவிட நன்றாகப் பார்த்தேன் என்பதைத் தவிர வேறு அதிசயம் எதுவும் நடக்கவில்லை. எனக்கு அது போதும்.

இந்த முறைக்கும் ஒரு விதிவிலக்கை லுத்தரே சொல்கிறார். இப்படி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் பேசத் தொடங்கினால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அமைதியாகக் கேள், அவருடைய ஒரு சொல் நம்முடைய ஆயிரம் ஜெபத்தைவிட மேலானது என்கிறார். நான்கு புரியையும் முடித்தாக வேண்டும் என்ற கடமையுணர்ச்சி என்னைப் போன்ற கிராணிகளுக்குச் சீக்கிரமே வந்துவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் சபைகளில் வேரூன்றிய ஒரு வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் வசனத்தை அந்த ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் எனக்குக் கொடுத்த வார்த்தையாக வைத்துக்கொள்வோம். அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் அட்டையோடு நின்றுவிடுவது, கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை மடித்து வைப்பதாகிவிடுகிறது. எனக்கு ஒரு முறை எரேமியா 29:11 வந்தது: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” எல்லாருக்கும் பிடித்த வசனம். அதிகாரம் முழுவதையும் வாசித்தால்தான், இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது என்பதும், முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் என்று சொல்லியிருப்பதும் தெரியவரும். அதாவது கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களுக்கு ஆண்டவர் சொல்வது, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்பது. கப்பலேறி வந்து பிறர் மண்ணில் தோட்டம் நட்ட மக்களின் பேத்தியாகிய நான் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் வேலை உயர்வுக்கு வாக்குத்தத்தம் தேடிப் போனவளுக்குச் சுங்கை சிப்புட்டுக்காக ஜெபிக்கும் கடமை கிடைத்தது. அட்டையில் வந்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு ஜனவரி மாதம் முழுவதும் வாசியுங்கள் என்பதே இதில் என் ஆலோசனை. தொலைபேசியில் காலைதோறும் சுற்றிவரும் தீர்க்கதரிசனச் செய்திகளைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. யாருக்கு எழுதியது என்றே தெரியாத செய்தியை ஆண்டவர் எனக்குத் தனிப்பட்டுச் சொன்னதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

உறவு ஆழப்படுவதற்குத் துதி மட்டும் போதாது என்பதை என் கணவரின் நோய் கற்றுக்கொடுத்தது. சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்காக அவர் படுத்திருப்பார். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஜெபிக்க வந்தவர்கள் பலர். அவர்களில் சிலர், விசுவாசம் இன்னும் கொஞ்சம் கூடினால் எழுந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல் என்னை எவ்வளவு வாட்டியது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த நாட்களில் எனக்குத் துதிப்பாட்டு வாயில் வரவில்லை. சங்கீதங்களை ஒன்று முதல் வரிசையாக வாசித்துக்கொண்டே போனவள், 13-ஆம் சங்கீதத்தில் நின்றேன். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” இப்படியும் அவரிடம் பேசலாமா என்று முதலில் ஒரு தயக்கம். பிறகு, பேசலாம் என்பதற்குத்தானே இது வேதத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று துணிந்தேன்.

13-ஆம் சங்கீதமாவது ஆறு வசனங்களுக்குள் நம்பிக்கைக்கு வந்துவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படி வருவதில்லை. முறையீட்டில் தொடங்கி, சிநேகிதரும் தோழரும் விலகிப்போனதைச் சொல்லி, விடிவு எதையும் காட்டாமலே முடிந்துவிடுகிறது. ஆறுதல் சொல்ல அவசரப்படாத அந்தச் சங்கீதம்தான் எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. அதை அப்படியே வாசித்துவிட்டு, என் சொந்தப் பேச்சில், வீட்டில் பேசுவதுபோலவே, அவரிடம் சண்டை பிடித்தேன். மேடை ஜெபத்துக்கென்று நாம் வைத்திருக்கும் அலங்கார வாசகங்கள் எல்லாம் அங்கே உதிர்ந்துவிட்டன. “அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்” என்று 62-ஆம் சங்கீதம் சொல்வதற்கு அதுதான் அர்த்தம் என்று எனக்குப் பட்டது. கணவர் குணமாகவில்லை, அவர் மறைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் நான் மிக உண்மையாக ஆண்டவரிடம் பேசியது அந்தக் காத்திருப்பு நாற்காலியில்தான். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: வருத்தத்தை மூடி வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்ல முயலாதீர்கள், முறையீட்டுச் சங்கீதம் ஒன்றை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள்.

அதன் பிறகு வந்த காலம் வேறு விதமானது. அழுகையும் இல்லை, ஆனந்தமும் இல்லை, வெறும் வறட்சி. உட்காருவேன், வாசிப்பேன், எழுந்துவிடுவேன். மனம் குளிர்ந்து ஜெபத்தில் சந்தோஷமற்றுப் போகும்போது தாம் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளோ, சபை கூடுகிற நேரமானால் கோயிலுக்கோ விரைந்து போய், கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒரு குழந்தை சொல்வதுபோலச் சொற்சொல்லாய்ச் சொல்லிக்கொள்வதாக லுத்தர் எழுதுகிறார். அவருக்கே அப்படி என்றால் நமக்கு என்ன என்று நானும் அதையே செய்தேன். நாம் என்ன வேண்டிக்கொள்வது என்று அறியாதிருக்கையில் ஆவியானவர்தாமே “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. வறட்சிக் காலத்தில் புது முறைகளைத் தேடி அலையாமல், பழகிய நேரத்தையும் பழகிய சொற்களையும் விடாமல் வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. உணர்ச்சி பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. எப்போது என்று என்னால் குறித்துச் சொல்ல முடியவில்லை.

இனி, அந்த நாவிதர் பீட்டரைப் பற்றிய மிச்சக் கதை. ஜெபத்தைப் பற்றி லுத்தரிடம் கேட்டுக் கடிதம் பெற்ற அதே 1535-ஆம் ஆண்டில், ஈஸ்டருக்கு முந்தின நாள், குடும்பத்தார் கூடியிருந்த மேசையில் அவர் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லுத்தரும் வேறு சிலரும் பரிந்துபேசியதால் உயிர் தப்பி, உடைமைகளை இழந்து ஊரை விட்டே போக நேர்ந்தது. வகுப்பில் போதகர் இதைச் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். இந்தக் கதையைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜெபிக்கும் முறையை நன்றாகக் கற்றவன் கையிலும் கத்தி இருக்கிறது. காலையில் அவரோடு இருந்த கவனம் பகலில் மனிதரிடம் போய்ச் சேராவிட்டால் அந்த உறவு பாதியிலேயே நின்றுவிடும். “தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?” என்று யோவான் கேட்பதற்கு இன்றுவரை யாரும் தப்பிக்கும் வழி கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு அந்தச் சகோதரன் சொந்த அண்ணன்தான். அம்மா இறந்த பிறகு அவருடைய இரண்டு வளையலையும் ஒரு சங்கிலியையும் யார் வைத்துக்கொள்வது என்பதில் ஏற்பட்ட மனத்தாங்கலில் நாங்கள் பேச்சை நிறுத்தியிருந்தோம். கோயிலில் அவர் வலப்பக்க வரிசை, நான் இடப்பக்க வரிசை. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முன்பு போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகாரப் பகுதி என் காலை வாசிப்பில் வந்தபோது, நான்காவது புரியைத் தாண்ட முடியாமல் பல நாள் தவித்தேன். எதை வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாலும் அண்ணன் முகமே வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் இடியப்பம் செய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, உள்ள வரலாமா?”

“கேட்டுக்கிட்டு நிக்கிற. வா. அண்ணி சந்தைக்குப் போயிருக்கா.”

நகையைப் பற்றி இருவரும் எடுக்கவில்லை. அவருடைய முழங்கால் வலியைப் பற்றியும், கூரையில் ஒழுகுவதைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். சினிமாவில் வருவதுபோல் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுத எனக்கும் ஆசைதான், நடந்தது அவ்வளவே. வளையல் இன்னும் அண்ணியின் கையில்தான் இருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஒரு நொடி உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் மறுநாள் திருவிருந்துக்கு முழங்காற்படியிட்டபோது பக்கத்தில் அவர் வந்து முழங்காற்படியிட்டார். ஒப்புரவு என்பது ஒரே நாளில் முடிகிற காரியம் என்ற எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். யாரோடாவது பேச்சு நின்றிருந்தால், நியாயம் யார் பக்கம் என்பதைத் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திராமல், முதலில் வாசல்வரை போய்விடுவது நல்லது. நியாயத்தைப் பேசப் பிறகு நேரம் கிடைக்கும், அல்லது அது தேவைப்படாமலே போய்விடும்.

தனிப்பட்ட உறவு என்பதால் தனியாகவே வளர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் போதகர் ஒரே ஆளாக ஒன்றுக்கு மேற்பட்ட சபைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஞாயிறுகளில் மூப்பரே ஆராதனை நடத்துவார், பிரசங்கம் சுமாராகத்தான் இருக்கும். வீட்டிலிருந்தே யூடியூபில் அருமையான பிரசங்கியாரைக் கேட்கலாமே என்று சோர்வு வரும். நான் போவதற்குக் காரணம், தொலைபேசியில் வரும் பிரசங்கியாருக்கு என்னைத் தெரியாது, சபையில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதுதான். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பாட்டு ஒன்று, ஒரு பகுதி வாசிப்பு, பிறகு அந்த வாரத்தில் ஜெபம் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். “ஒண்ணுமே ஓடலக்கா” என்று சொல்வதற்கு அங்கே அனுமதி உண்டு. அந்த அனுமதி கிடைத்த பிறகே பலர் தொடர்ந்து வர ஆரம்பித்தார்கள்.

நான் சொன்ன காலை நேரம் எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் எழுதிவிட வேண்டும். அண்ணன் மகன் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. “காலையில முதல் வேலைன்னு சொல்றீங்க அத்தை, எனக்குக் காலை எதுன்னே தெரியலையே” என்றான். அவனுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து கண்ட ஏற்பாடு இது: எந்த ஷிப்டாக இருந்தாலும் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், காதில் பாட்டை மாட்டிக்கொள்வதற்கு முன், மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி. மாற்கு 16 அதிகாரம்தான், ஓட்டமாக ஓடும் நடை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. வாசித்ததும் நான்கு புரியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மிச்சத்தைத் தூக்கம் வராத ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். இரவு வேலை முடிந்து வருகிற நாட்களில் வாசிப்பை விட்டுவிட்டுப் பரமண்டல ஜெபத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தூங்கு என்றும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் தூங்காத உடம்பில் கவனம் நிற்காது. இப்போது பத்தாம் அதிகாரத்துக்கு வந்திருக்கிறான். பர்திமேயு குருடன் என்பது கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே, பிறகு எதற்கு இயேசு அவனிடம் “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்” என்று கேட்கிறார் என்று போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். என்னிடம் தயாரான பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு ஓய்வு நாள். கூடத்தில் அந்தப் பகுதியையே வாசிப்பதாக வைத்திருக்கிறோம்.